விசுவாசத்துக்கு அறிவு எதிரியா?

பூவத்தில் குடியிருப்பவர்களுக்கு எல்லை என்பது அன்றாடப் பழக்கம். நண்டலாற்றுக்குத் தெற்கே புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் காரைக்கால் மாவட்டம். வடக்கே தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டம். பாலத்தைக் கடந்தால் அரசாங்கம் மாறும்; பெட்ரோல் விலையும் மாறும். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றைக் கடந்து வடக்கே ஆராதனைக்குச் செல்கிறது. வார நாள்களில் வேலைக்கும் மருத்துவமனைக்கும் தெற்கே காரைக்காலுக்குச் செல்கிறது. வழிபாடும் வைத்தியமும் எதிரெதிர்த் திசைகள் என்று நாங்கள் ஒருநாளும் எண்ணியதில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் அக்காவுக்கு அப்படி எண்ண நேர்ந்தது.

அக்கா பள்ளி ஆசிரியை. அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மார்பில் தென்பட்ட கட்டியைச் சோதித்ததில் புற்றுநோய் என்று உறுதியானது. அறுவைச் சிகிச்சைக்கு நாளும் குறித்தாயிற்று. அதற்கு முந்தைய வாரம், தோழி ஒருவர் அழைக்க, பக்கத்து ஊரில் நடந்த சுகமளிக்கும் கூட்டம் ஒன்றுக்குச் சென்றார். அங்கே பேசியவர் அவர் தலைமேல் கைவைத்து ஜெபித்து, ‘நீங்கள் ஏற்கெனவே குணமாகிவிட்டீர்கள், இனிக் கத்தியைத் தேடிப் போவது அவிசுவாசம்’ என்றாராம். அக்கா அழுதபடியே வீடு திரும்பினார். மறுநாள் அறுவைச் சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நோயின் நிலைகள், சிகிச்சையின் வெற்றி விகிதங்கள், தாமதத்தின் விளைவுகள் என்று இணையத்திலிருந்து பக்கம் பக்கமாக அச்செடுத்துக்கொண்டு போய் அவர் முன் வைத்தேன். அந்தப் பேச்சாளரை ஏமாற்றுக்காரர் என்றேன். ‘நீ படித்தவள்தானே?’ என்றும் கேட்டேன். நான் சொன்ன ஒவ்வொரு தகவலும் சரி. ஆனால், அதன் பிறகு அக்கா என் தொலைபேசி அழைப்புகளை எடுப்பதை நிறுத்திவிட்டார். இப்படி ஐந்து மாதங்கள் கழிந்தன.

அந்தக் கூட்டத்தில் அறிவு வெளியே நிறுத்தப்பட்டது. என் பேச்சில் அச்சமும் அன்பும் நம்பிக்கையும் வெளியே நிறுத்தப்பட்டன. இரண்டும் ஒரே வகைப் பிழை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. அது புரிந்ததிலிருந்து, கிறிஸ்தவ விசுவாசத்தில் உணர்வுக்கும் அறிவுக்கும் உரிய இடம் எது, ஒரு முடிவை எடுக்கும்போது இரண்டையும் எப்படிக் கேட்பது என்ற கேள்வி என்னை விடவேயில்லை. அதற்கான பதிலின் ஒரு பகுதி, நான் ஞாயிறுதோறும் நடந்த தெருக்களிலேயே இருந்தது.

தரங்கம்பாடியின் பாடம்

பூவத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் தரங்கம்பாடியில் 1706 ஜூலை 9 அன்று இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்ரிக் புளூட்சோவும் டென்மார்க் அரசர் அனுப்பிய முதல் புராட்டஸ்டன்ட் மிஷனரிகள். சீகன்பால்குவுக்கு அப்போது 24 வயதுகூட நிறையவில்லை.

அவர் ‘பக்தி இயக்கம்’ என்று நாம் சொல்லத்தக்க பயட்டிச மரபில் வளர்ந்தவர். வறட்டு இறையியல் வாதங்களால் களைத்துப்போயிருந்த ஜெர்மனியில், மதம் மூளையில் மட்டும் இருந்தால் போதாது, உள்ளத்தைத் தொட வேண்டும் என்று எழுந்த இயக்கம் அது. கண்ணீரும் மனந்திரும்புதலும் தனி ஜெபமும் அதன் அடையாளங்கள். ஆனால், அந்த இயக்கத்தின் மையமாக இருந்த ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே உருவாக்கிய வளாகத்தில் அநாதை இல்லமும் பள்ளிகளும் அச்சுக்கூடமும் மருந்தகமும் இருந்தன. உள்ளம் உருகியவர்கள் கணக்கும் கற்றார்கள், மருந்தும் தயாரித்தார்கள். ஹாலேயின் மருந்துகள் கப்பலேறித் தரங்கம்பாடிக்கும் வந்தன. பின்னர், 1730-இல் ஒரு மருத்துவரையே ஹாலே அனுப்பியது. அவர் வந்த சிறிது காலத்திலேயே இறந்துபோனார். எனினும் அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் கவனிக்கத்தக்கது. ஜெபத்தின் வல்லமையை அவ்வளவு உறுதியாக நம்பியவர்கள், மருத்துவரை அனுப்புவதை அவிசுவாசம் என்று கருதவில்லை.

சீகன்பால்குவின் வாழ்க்கையே இந்த இரண்டு இழைகளால் நெய்யப்பட்டது. ஆன்மாக்களை மீட்க வேண்டும் என்ற கனல் அவரைக் கடல் கடக்க வைத்தது. ஓர் ஏழை விதவையின் வழக்கில் தலையிட்டு ஆளுநரின் சினத்துக்கு ஆளாகி, 1708-1709-இல் நான்கு மாதங்கள் டேனிஷ் கோட்டையில் சிறையிருந்ததும் அந்தக் கனலால்தான். கரைக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகியது. ஓலைச்சுவடிகளைச் சேகரித்தார், பட்டியலிட்டார், அகராதி தொகுத்தார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, காகிதமோ போதவில்லை. எனவே, சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன. பொறையாறு அருகே காகிதப் பட்டறையும் தொடங்கப்பட்டது. கடுதாசிப்பட்டறை என்ற இடப்பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது. காகிதத் தட்டுப்பாட்டை ஜெபத்திலே வைத்த அதே மனிதர்கள் பட்டறையையும் கட்டினார்கள்.

அவருக்கு வந்த சோதனை இருபுறமிருந்தும் வந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி மக்களிடமே கேட்டறிந்து அவர் எழுதிய விரிவான நூல் 1713-இல் ஹாலேக்குப் போனது. பிற சமயத்தை அழிக்கத்தான் அனுப்பினோமே தவிர, அதைப் பற்றி ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்ற மனநிலை அங்கே இருந்தது. நூல் 1867 வரை அச்சு காணவில்லை. பக்தியின் வேகம், அறியும் ஆவலைக் கண்டு அஞ்சிய தருணம் அது.

இரண்டாவது சோதனை இன்னும் கடுமையானது. கோபன்ஹேகனில் மிஷன் நிர்வாகக் குழுவின் செயலராக இருந்த கிறிஸ்டியன் வென்ட், மிஷனரிகள் அப்போஸ்தலர்களைப் போலப் பொருளும் கட்டடமும் இன்றி ஊர் ஊராகச் செல்ல வேண்டும் என்ற இலட்சியத்தைப் பற்றிக்கொண்டவர். பள்ளிக்கூடமும் ஆலயமும் கட்டுவதும் அவற்றுக்குப் பணம் செலவிடுவதும் அவருக்கு விசுவாசக் குறைவாகத் தெரிந்தன. சீகன்பால்குவின் வாதம் எளிமையானது: மனிதனுக்கு ஆன்மா மட்டுமல்ல, உடலும் உண்டு, இரண்டுக்கும் செய்யும் ஊழியத்தைப் பிரிக்க இயலாது. கோபன்ஹேகனிலிருந்து வந்த கண்டனக் கடிதங்கள் ஏற்கெனவே நலிந்திருந்த அவரை வாட்டின. 1719 பிப்ரவரியில், 36 வயதில் அவர் இறந்தார். முந்தைய ஆண்டுதான் கட்டி முடிக்கப்பட்டிருந்த புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய தோழர் குரூண்ட்லர் அடுத்த ஆண்டே மறைந்தார்.

வென்ட் தீயவர் அல்லர். திருச்சபை இந்நாட்டு மக்களுடையதாக வளர வேண்டும் என்ற அவருடைய கவலையில் நியாயமும் இருந்தது. ஆனால், தூய்மையான ஓர் உணர்வு, களத்தின் உண்மையைக் கேட்க மறுத்தால் எவ்வளவு கொடுமையாக முடியும் என்பதற்கு இதைவிட அருகில் எனக்கு வேறு சான்று இல்லை. இந்த ஆலயத்தை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். என் அக்காவிடம் ‘கத்தியைத் தேடிப் போவது அவிசுவாசம்’ என்று சொன்ன குரல் புதியதல்ல என்பது பிற்பாடுதான் உறைத்தது.

உணர்வு என்பது மனசாட்சி ஆகாது

உணர்வைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. காரைக்கால் மண்ணில் பிறந்தவர் யாருக்கும் அது இயலாது. ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழாவில் இந்த ஊர் கொண்டாடும் காரைக்கால் அம்மையார், பக்தியின் உருக்கத்துக்கு எல்லையே வைக்காதவர். ஆயினும், அவர் பாடிய அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களால் ஆனது. யாப்புகளில் மிகக் கண்டிப்பானது வெண்பா. அதற்கு மேல் அந்தாதி என்ற கட்டு வேறு. உருக்கம் அந்த இலக்கணத்தால் குறைந்துவிடவில்லை.

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் (1774-1864) கீர்த்தனைகள் இல்லாமல் தமிழ்ச் சபைகளின் ஆராதனை இல்லை. கிறிஸ்தவ பக்தியைத் தமிழ் இசையில் கரைத்த பெருமை அவருக்குரியது. 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள் தமிழ்ப் பண்பாட்டு வழக்கங்களை ஒடுக்க முயன்றபோது அவர் எதிர்த்து நின்றார். இசை, பண்டிகை ஆகியவற்றுக்காக அவர் நின்றது சரி என்றே இன்று நாம் சொல்வோம். ஆனால், அதே உணர்ச்சியோடு, சபைக்குள் சாதிப் பிரிவினை தொடர்வதையும் அவர் நியாயப்படுத்தினார். ஆலயத்தில் அனைவரும் கலந்து அமர்வதை அவர் ஏற்கவில்லை. 1829-இல் அவர் தம் உபதேசியார் பணியை இழந்தார். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேறுபாடு முற்றிலும் ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டபோதும் தஞ்சையில் எதிர்ப்பு ஓயவில்லை.

ஒரே மனிதர், ஒரே பக்தி. தமிழ் இசையைக் காத்த அதே உள்ளம் அநீதியையும் காத்தது. தனக்குப் பழக்கமானது எல்லாம் தனக்குப் புனிதமாகத் தோன்றியதே காரணம். உணர்வு நம் அன்பை மட்டும் காட்டுவதில்லை; நம் பழக்கத்தையும் அச்சத்தையும் குலப் பெருமையையும்கூட அன்பின் உடையில் கொண்டுவந்து நிறுத்தும். அவற்றைப் பிரித்தறிய விசாரணை தேவை. நீதிமன்றத்தில் சாட்சியை நாம் அவமதிப்பதில்லை; ஆனால் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்பதுமில்லை.

நீதிமன்றம் என்றதும் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) நினைவுக்கு வருகிறார். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர், ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர், கத்தோலிக்கர். ஆங்கிலத்தில் இருந்த சட்டத் தீர்ப்புகளை 1862-இலேயே தமிழில் தந்து, வழக்காடுவோர் தங்கள் வழக்கைத் தாங்களே புரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தவர். அவரே சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளும் எழுதினார். 1876-78 பெரும் பஞ்சத்தில் தம் பொருளைக் கொடுத்துப் பசித்தோருக்கு உணவளித்தார். பகலில் சாட்சியங்களை எடைபோட்ட கை, மாலையில் கீர்த்தனை எழுதியது. இரண்டு மனிதர்களாக வாழ வேண்டிய அவசியம் அவருக்கு நேரவில்லை.

வேதம் என்ன கேட்கிறது?

கட்டளைகளில் பெரியது எது என்று கேட்கப்பட்டபோது, இயேசு உபாகமத்திலிருந்து பதில் சொன்னார். அந்தப் பழைய கட்டளை இருதயம், ஆத்துமா, பலம் என்ற மூன்றாலும் கடவுளை நேசிக்கச் சொல்கிறது. மாற்கு நற்செய்தியில் உள்ள பதிலில் நான்காவதாகச் சிந்தனையும் சேர்ந்திருக்கிறது. எபிரேய வழக்கில் இருதயம் என்பதே உணர்வதோடு சிந்திக்கவும் செய்யும் இடம்தான். கிரேக்க மொழியில் எழுதியபோது அந்தச் சிந்தனை விடுபட்டுவிடக் கூடாது என்று தனிச் சொல்லாகவே அது வந்துவிட்டது. தமிழில் நமக்கு இந்தச் சிக்கல் குறைவு. ‘மனம்’ நோகவும் செய்யும், ஒரு கணக்கைப் போடவும் செய்யும். பிரித்தது மொழியல்ல, பின்னால் வந்த நாம்.

கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடமாட்டானா என்று கேட்டவரும் இயேசுதான். லாசருவின் கல்லறை முன் அழுதவரும் அவர்தான். வியாதி, வைத்தியம் பற்றிப் பேசும்போது நான் அடிக்கடி திரும்பிச் செல்லும் இடம் வேறொன்று. வனாந்தரச் சோதனையில் தேவாலய உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொல்லும் சாத்தான், அதற்கு ஆதாரமாகச் சங்கீதத்தை மேற்கோள் காட்டுகிறான். தூதர்கள் தாங்குவார்கள் என்பது வேதவசனம்தான். எனினும் இயேசு குதிக்கவில்லை. படிக்கட்டு இருக்கும்போது குதிப்பது விசுவாசமல்ல, கடவுளைச் சோதிப்பது என்பதே அவருடைய பதிலின் பொருள். பவுலின் பயணத் தோழரான லூக்கா மருத்துவர். தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்குப் பவுல் சொன்னது, சிறிது திராட்சரசம் சேர்த்துக்கொள்ளும்படிதான். கத்தோலிக்கர்கள் ஏற்கும் சீராக்கின் ஞான நூலில் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. மருந்துகளை நிலத்திலிருந்து உண்டாக்கியவர் ஆண்டவரே என்கிறது. ஜெபத்தையும் மருத்துவரையும் ஒரே மூச்சில் பேசுகிறது.

மெதடிஸ்ட் இயக்கத்தின் தந்தை ஜான் வெஸ்லி, 1738 மே மாதம் லண்டனில் ஒரு கூட்டத்தில் தம் இருதயம் கதகதப்பானதை உணர்ந்ததாகப் பதிவுசெய்தவர். உணர்வெழுச்சி மிக்க ஆராதனைகளுக்கெல்லாம் அவர் முன்னோடி. அதே வெஸ்லி 1747-இல் ஏழைகளுக்காக ஒரு வீட்டு வைத்திய நூலை வெளியிட்டார். இதை அந்தக் கூட்டத்தின் பேச்சாளரிடம் யாராவது சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அறிவு மட்டும் போதுமா?

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட 9.1 அளவுள்ள நிலநடுக்கம் எழுப்பிய அலைகள் தரங்கம்பாடியிலும் காரைக்கால் மீனவக் கிராமங்களிலும் நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் புகுந்தன. அந்த வாரத்தில் இரண்டு வகைப் பேச்சுகளைக் கேட்டேன். ‘இது பாவத்துக்குத் தண்டனை’ என்றார்கள் சிலர். வேளாங்கண்ணி ஆலயத்துக்குள் அலை புகாததை அற்புதம் என்று கொண்டாடினார்கள் வேறு சிலர். அதே கடற்கரையில் மாண்ட நூற்றுக்கணக்கான பக்தர்களை அந்த நன்றிப் பேச்சு மறந்துபோனது. புவித்தட்டுகளின் நகர்வை விளக்கினார்கள் என்னைப் போன்றவர்கள். விளக்கம் சரியானது. குழந்தையைப் பறிகொடுத்தவருக்கு அந்த வாரத்தில் அதனால் எந்தப் பயனும் இல்லை.

அப்போது உதவியவர்கள் பேசாமல் இருந்தவர்கள். பிணங்களை எடுத்தவர்கள், கஞ்சி காய்ச்சியவர்கள், பக்கத்தில் உட்கார்ந்து அழுதவர்கள். அறிவுக்கு உரிய நேரம் பின்னால் வந்தது. ஹைதராபாதில் 2007-இல் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது. இரண்டும் தேவைப்பட்டன; ஆனால், ஒன்றின் நேரத்தில் மற்றது பேச முயன்றபோது புண்படுத்தியது.

உணர்வே இல்லாத அறிவால் முடிவெடுக்கவும் முடியாது என்று நரம்பியலும் சொல்கிறது. அன்டோனியோ டமாசியோ 1994-இல் வெளியிட்ட நூலில் எலியட் என்ற புனைபெயரில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். மூளையின் முன்பகுதியில் கட்டி அகற்றப்பட்டவர். அறிவுத்திறன் சோதனைகளில் குறையொன்றும் இல்லை. நினைவாற்றலும் தர்க்கமும் அப்படியே இருந்தன. உணர்வு மட்டும் மங்கிப்போயிருந்தது. அவரால் மிகச் சாதாரண விஷயங்களில்கூடத் தீர்மானத்துக்கு வர இயலவில்லை. வேலையும் குடும்பமும் கைவிட்டுப்போயின. எது முக்கியம் என்று சொல்வது உணர்வு. அந்தக் குரல் அடங்கிவிட்டால் தர்க்கம் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டேயிருக்கும்.

என் அக்கா கூட்டத்திலிருந்து அழுதுகொண்டு வந்தபோது, அந்த அழுகை என்ன சொல்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். பின்னாளில் அவரே சொன்னார். அவருக்கு அற்புதத்தின் மேல் இருந்த நம்பிக்கையைவிட, அறுவைச் சிகிச்சையின் மேல் இருந்த பயம் பெரிது. எங்கள் அம்மா அறுவைச் சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பிறகு கண் விழிக்கவேயில்லை. அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. கட்டிலருகே இருந்தவர் அவர்தான். நான் கொண்டுபோன தாள்களில் அந்தப் பயத்துக்குப் பதில் இல்லை. கூட்டத்தில் பேசியவர் அந்தப் பயத்துக்கு ஒரு வாசலைத் திறந்து, அதற்கு விசுவாசம் என்று பெயரிட்டார்.

ஒரு செவிலியரின் கேள்வி

அக்காவின் மனத்தை மாற்றியவர் எங்கள் சபையைச் சேர்ந்த, பணி ஓய்வு பெற்ற ஒரு செவிலியர். அவர் புள்ளிவிவரம் எதையும் கொண்டுவரவில்லை. மூன்று வாரங்கள் தொடர்ந்து வந்து அக்காவோடு ஜெபித்தார். அம்மாவின் மரணத்தைப் பற்றி முழுவதையும் கேட்டார். மயக்க மருந்து கொடுக்கும் முறை அந்நாளைவிட இப்போது எப்படி மாறியிருக்கிறது என்று நிதானமாகச் சொன்னார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

“டீச்சரம்மா, உங்ககிட்ட படிக்கிற பிள்ளையோட அம்மா ஒருத்தங்க இதே ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினா, நீங்க என்ன சொல்லுவீங்க?”

அக்கா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னுதான் சொல்லுவேன்” என்றாராம். அந்த வாரமே சென்றார்.

அந்தச் செவிலியர் இக்னேஷியஸ் லொயோலாவைப் படித்தவர் அல்லர். ஆனால், அவர் கேட்டது 16-ஆம் நூற்றாண்டில் இக்னேஷியஸ் தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் சொன்ன வழிகளில் ஒன்று. படைவீரரான இக்னேஷியஸ் 1521-இல் பாம்ப்லோனா போரில் காலில் காயமுற்றுப் படுக்கையில் கிடந்தபோது, தம் உணர்வுகளைக் கவனிக்கக் கற்றார். வீரசாகசக் கனவுகள் அந்த நேரத்தில் இனித்துப் பின்னர் வறட்சியைத் தந்தன. புனிதர்களைப் பற்றிய நினைவுகள் தந்த மகிழ்ச்சியோ நிலைத்து நின்றது. உணர்வு நல்லதா கெட்டதா என்பதை அதன் வேகத்தைக் கொண்டல்ல, அது விட்டுச்செல்லும் சுவையைக் கொண்டு அறியலாம் என்ற பாடம் அவருக்கு அங்கே கிடைத்தது. அவர் தோற்றுவித்த இயேசு சபையினர் பிரெஞ்சு ஆட்சிக்காலக் காரைக்காலிலும் பணியாற்றியவர்கள்.

முடிவெடுப்பதற்கு அவர் தரும் வழிமுறைகள் வியப்பூட்டும் அளவுக்கு நடைமுறை சார்ந்தவை. மனம் கலங்கி இருண்டிருக்கும் வேளையில், முன்பு அமைதியாக எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்கிறார். இரு பக்கமும் உள்ள நன்மை தீமைகளை வரிசைப்படுத்திப் பார்க்கச் சொல்கிறார். முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் வந்து நின்றால் என்ன அறிவுரை கூறுவாயோ அதை உனக்கே கூறிக்கொள் என்கிறார். மரணப் படுக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தால் எந்த முடிவை எடுத்திருக்க விரும்புவாய் என்று கேட்கிறார். கடைசியில், எடுத்த முடிவைக் கடவுள் முன் வைத்து, அது அமைதியைத் தருகிறதா என்று பார்க்கச் சொல்கிறார். உணர்விலிருந்து அறிவுக்கும், அறிவிலிருந்து மீண்டும் உணர்வுக்கும் போய்வரும் பாதை இது. எந்த இடத்திலும் ஒன்று மற்றொன்றை வாய்மூடச் சொல்வதில்லை.

இந்தப் பயிற்சி மருத்துவத்துக்கு மட்டுமானதல்ல. மகளின் திருமணம், வெளிநாட்டு வேலை, நிலத்தை விற்பது, ஊழியத்துக்குப் போவது என்று கிறிஸ்தவக் குடும்பங்களில் ‘கர்த்தர் என்னோடு பேசினார்’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு முடிந்துபோகும் தீர்மானங்கள் பல. அந்த வாக்கியத்துக்குப் பிறகு வீட்டில் வேறு யாரும் பேச முடியாது. கடவுள் பேசுவதை நான் மறுக்கவில்லை. நம் ஆசையும் அச்சமும் அவர் குரலைப் போலவே பேசவல்லவை என்பதால், உடன் இருப்பவர்கள் கேள்வி கேட்கும் உரிமை அதிலே அடங்கியிருக்க வேண்டும் என்கிறேன்.

சபைகள் செய்யத்தக்கவை

மந்திர தந்திரங்களால் புற்றுநோய் உள்ளிட்ட நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அது விளம்பரங்களைப் பற்றியது. கூட்டத்தில் ஒரு பெண்ணின் காதருகே சொல்லப்படும் சொல்லை அது எட்டாது. அந்த இடத்தில் காவல் நிற்க வேண்டியவை சபைகளே.

நோயாளிக்காக ஜெபிக்கும் ஒவ்வொருவரும் ‘மருந்தை நிறுத்தாதீர்கள்’ என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்வதை வழக்கமாக்கலாம். சாட்சி சொல்ல எழுபவர்கள், தங்களைக் கவனித்த மருத்துவரையும் செவிலியரையும் நன்றியோடு குறிப்பிடலாம். ஒவ்வொரு சபையிலும் ஓய்வுபெற்ற செவிலியரோ மருந்தாளுநரோ ஒருவராவது இருப்பார்; நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் போதகர் அவரையும் அழைத்துச் செல்லலாம். குணமாகாதவர்களுக்கு ஆராதனையில் ஓர் இடம் வேண்டும். ‘விசுவாசம் போதவில்லை’ என்ற சொல்லை நோயாளியிடம் எவரும் சொல்லாதிருக்க வேண்டும். என்னைப் போன்று அறிவின் பக்கம் நிற்பதாக நினைப்பவர்களும் ஒன்று செய்யலாம்: வாதத்தைத் தொடங்கும் முன், எதிரில் இருப்பவர் எதற்கு அஞ்சுகிறார் என்று கேட்கலாம்.

அக்காவுக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக நடந்தது. ஆனால், நோய் அதற்குள் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தது. நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். கடைசி ஆண்டில் சிறிது காலம் பள்ளிக்குக்கூடப் போய்வந்தார். அந்த ஐந்து மாதங்கள் இல்லாதிருந்தால் அவர் இன்று இருந்திருப்பாரா என்று மருத்துவரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலோடுதான் வாழ வேண்டியிருக்கிறது.

அந்த நான்கு ஆண்டுகளில் நாங்கள் இருவரும் பலமுறை பேசினோம். அந்தப் பேச்சாளர்மேல் அக்காவுக்குக் கோபம் இருக்கவில்லை. என்மேல்தான் கொஞ்சம் இருந்தது. “நீ சொன்னதெல்லாம் சரிடா தம்பி. ஆனா நீ என்கிட்ட பேசல, என்னைத் திருத்திக்கிட்டிருந்த” என்றார் ஒருநாள். சிகிச்சைக்குப் போகும் ஒவ்வொரு முறையும், வீட்டை விட்டு இறங்குமுன் ஜெபம்பண்ணச் சொல்வார். நான் ஜெபித்து முடித்ததும், மருத்துவக் கோப்பு பையில் இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார்.